படகோட்டிக்கு நான் கொடுத்த நற்சான்று

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருடம், பழவேற்காடு ஏரியையும் அங்குள்ள டச்சுக் கோட்டையின் இடிபாடுகளையும் பார்க்க, எண்ணூரில் ஒரு படகை நாள் முழுக்க எனக்கென்று அமர்த்தினேன். அப்போது சரித்திரத்தில் பட்டம் வாங்கிய கர்வம் எனக்கு.

படகோட்டி ஒட்டிய வயிறும் வெயிலில் வெளுத்த புருவமும் கொண்டவர். எதைக் காட்டுமுன்னும் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார்.

"இந்தக் கோட்டைய ஒரு ராணி கட்னா நைனா. கடலுக்குப் போன புருசன் வருவான்னு பாத்துகினே செத்தா."

"டச்சுக்காரன் கட்டியது. உளறாதே" என்றேன்.

"அவனுக்குப் பொண்டாட்டி இல்லியா இன்னா?" என்று சிரித்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் திரும்பி எண்ணூரில் கரையேறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வூட்ல கொயந்தைங்க பட்டினி நைனா. நாளைக்கி ஹார்பர்ல ஆள் எடுக்குறாங்க. நல்ல ஆளுன்னு இங்கிலீசுல எழுதிக் குடு. தொரைகிட்ட காட்டணும்."

'இவன் சொல்வதெல்லாம் பொய், நம்ப வேண்டாம்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

"இன்னா எழுதிகிறே? படி நைனா."

காகிதத்தைப் பார்த்தபடியே தமிழில் சொன்னேன்: "நல்ல உழைப்பாளி. நாள் முழுக்கத் துடுப்புப் போட்டும் முகம் சுளிக்காதவர். நம்பி வேலை கொடுக்கலாம்."

அவர் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். "என்னப் பத்தி ஒருத்தரும் இப்டி சொன்னதில்ல."

அப்போதாவது பிடுங்கிக் கிழித்திருக்கலாம். நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டேன்.

மறுநாள் அவர் அதைத் துரையிடம் நீட்டியிருப்பார். அன்று நான் வாயால் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எழுதிக் கொடுத்ததுதான் பொய்.