பாட்டுக்குப் போன பேட்டரி

மார்கழியில் பிள்ளையார் கோயில் குழாய் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால் ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். எனக்கு வயிறு எரியும். சாமி மேல் கோபமில்லை. பேட்டரி விஷயம் அது.

நாகலாபுரம் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் கரிசல் புஞ்சை. மழையை நம்பி மக்காச்சோளம் போடுகிறோம். கதிர் பால் பிடித்தால் போதும், காட்டுப்பன்றிகளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். அதற்காகத்தான் சோலார் வேலி போட்டோம். பகல் வெயிலில் பேட்டரி சார்ஜ் ஏறும். ராத்திரி ஒரு சின்னப் பெட்டி அதிலிருந்து கம்பிக்கு விட்டு விட்டு மின்சாரம் அனுப்பும். மூக்கு பட்டால் பன்றி சாகாது, அலறிக்கொண்டு ஓடும். அந்தப் பேட்டரி, தீப்பெட்டி ஆபீசில் எனக்குக் கிடைத்த போனசில் நான் வாங்கியது. வீட்டுக்கு வந்த மறுநாளே என் வீட்டுக்காரர் டீக்கடையில் உட்கார்ந்து, "என் பேட்டரி, என் பேட்டரி" என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

அந்த மார்கழியில் நாலு நாளாக வானம் மூடியே கிடந்தது. வெயில் இல்லை, பேட்டரி பாதிதான் ஏறியது. அந்தப் பாதியை வைத்து விடிய விடிய வேலியை ஓட்டியாக வேண்டும். புஞ்சைக் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டு, அங்கிருந்த பல்பைக் கழற்றினேன். போன் சார்ஜ் போடும் வயரை அவர் கண்ணில் படாமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். பெட்டியின் பச்சை விளக்கு மஞ்சளாகிவிட்டதா என்று படுக்கும்போது ஒரு தரம், நடுச்சாமத்தில் ஒரு தரம் எழுந்து பார்ப்பேன். பெட்டி 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். அது காதில் விழுந்தால்தான் எனக்குக் கண் அசரும்.

மூன்று ராத்திரி அப்படிக் காவல் கிடந்தேன். நாலாவது நாள் காய்ச்சல் வந்துவிட்டது. அவரைக் காவலுக்குப் போகச் சொன்னேன்.

"பேட்டரிய மட்டும் பாத்துக்கிடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"ஏட்டி, எனக்குத் தெரியாதா? பச்சப்பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொல்லுத."

காய்ச்சலில் பொழுது சாயும் முன்பே படுத்தவள், விடியற்காலை நாலரைக்குத்தான் வாசல் தெளிக்க எழுந்தேன். தெருவிளக்கு எரியவில்லை. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. ஆனால் கோயிலில் பாட்டு கணீரென்று கேட்டது. வாளியைப் பிடித்தபடியே நின்றேன். கரண்ட் இல்லாமல் குழாய் எப்படிப் பாடும்?

வாளியைப் போட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். மைக் செட்டுக்குப் பக்கத்தில் என் பேட்டரி இருந்தது. கைப்பிடியில் நான் சுற்றிய சிவப்புச் சேலைக் கிழிசல் அப்படியே இருந்தது. யாரோ அதற்குச் சந்தனம் குங்குமம் வேறு வைத்திருந்தார்கள்.

கோயில் காரியம் பார்க்கும் பெரியவர் சந்தோஷமாகச் சொன்னார்: "நேத்து பொழுதடையவே கரண்ட் போச்சு தாயி. ஒங்க வீட்டுக்காரவியதான் அப்பவே கொண்டாந்து குடுத்தாவ. விடியக் குளிர்ல எந்திரிச்சு வர முடியாதுன்னு சொன்னாவ."

கோயிலுக்கு என்றால் எங்கள் ஊரில் யாரும் 'இல்லை' என்று சொல்வதில்லை. அது எனக்கும் தெரியும். நாலு மணிக்கு எழுந்து கொண்டுவந்து கொடுத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். குளிருக்குப் பயந்து ஒரு ராத்திரி முழுக்க வேலியைச் சாகடித்திருக்கிறார் மனிதர்.

கிளிப்பைப் பிடுங்கினேன். பாட்டு பாதியில் நின்றது.

"ஏ தாயி, சாமி பாட்ட நிப்பாட்டலாமா?"

"சாமி வந்து பன்னி வெரட்டுமான்னு கேட்டுச் சொல்லுங்க. அப்ப பேட்டரியத் தாரேன்."

பேட்டரியைத் தலையில் வைத்துக்கொண்டு காய்ச்சலோடு நடந்தேன். கீழ்வானம் வெளுத்தபோது புஞ்சைக்கு வந்துவிட்டேன். கிழக்குப் பக்கம் ஒரு சோளத்தட்டைகூட நிற்கவில்லை. முக்கால் பங்கு போய்விட்டது. கடித்துத் துப்பிய கதிர்களிலிருந்து பால் வடிந்து கரிசலில் ஊறிக் கிடந்தது. உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அவர் கொட்டகையில் போர்வைக்குள் சுருண்டிருந்தார். காதுக்குப் பக்கத்தில் பேட்டரியைத் தொம்மென்று வைத்தேன். எழுந்து வெளியே வந்து புஞ்சையைப் பார்த்தார்.

"கம்பியில ஒருக்க அடிபட்ட பன்னி திரும்பக் கிட்ட வராதுன்னுதான் நெனச்சேன்."

ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். டிக் சத்தம் நின்றால் என்ன ஆகும் என்று பக்கத்தில் படுத்திருந்த இவருக்குத் தெரியவில்லை. பன்றிக்குத் தெரிந்திருக்கிறது.

அன்று முழுக்க ஊரில் என்னைப் பற்றித்தான் பேச்சு. சாமி பாட்டை நிறுத்திய பொம்பளை. சோளத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாயங்காலம் அதே பெரியவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கரண்ட் இன்னும் வரவில்லை.

"அண்ணாச்சி, நாளைக்கு ஒருநாள் மட்டும் அந்தப் பேட்டரி..."

வீட்டுக்காரர் தலையைத் தூக்கவில்லை.

"அது என்னுது இல்ல. அவளுது. அவகிட்டக் கேளுங்க."

முக்கால் பங்கு சோளம் போன பிறகுதான் அது என்னுடைய பேட்டரி ஆனது.