கார்பைடுக்குக் கஞ்சி போட்டவன்

1. வாளிக்குள் உடைந்தது

எண்பதுகளின் கடைசி. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், கருவேலங்காட்டுக்கு நடுவே எங்கள் ஷெட். அங்கிருந்த, தூளைச் சூட்டில் அழுத்தி வில்லையாக்கும் ஹாட் பிரஸ் உலை எனக்குத்தான் அடங்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் உலைக் கண்ணாடியில் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்வேன். மீட்டர் அப்புறம் வந்து ஆமாம் போடும்.

செய்தது சிர்க்கோனியம் கார்பைடு வில்லை. இரும்பு தண்ணீராக ஓடுகிற சூட்டிலும் அசையாது. ஆனால் ரோஷக்காரப் பொருள். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் பட்டென்று தெறித்துவிடும். அப்படிப் போட்டும் உடையாததுதான் ஆர்டருக்குத் தேறும். விரிசலைப் பிடித்து நிறுத்தத்தான் தூளோடு நறுக்கிய கார்பன் நாரைச் சேர்த்தோம். சேர்த்தும் மூன்று வில்லை வாளிக்குள் உடைந்தது.

எஞ்சினியர் மனோகர் சார் என்னைவிட இருபது வயது சின்னவர். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, அடுத்ததும் போச்சுன்னா ஆர்டரு போயிரும். உடையாம நின்னுச்சுன்னா ரிப்போர்ட்டுல உங்க பேரையும் போட்டு, டெக்னீஷியன் போஸ்ட்டுக்கு நானே எழுதுறேன்."

பத்து வருஷமாக எனக்கு ஹெல்பர் என்றுதான் பேர். அந்தப் பேச்சு என்னைக் கிளப்பிவிட்டது.

2. கைப்பக்குவம்

உடைந்த வில்லையின் உள்முகத்தைப் பார்த்தேன். நார் சில இடத்தில் பஞ்சு மாதிரி உருண்டு கிடந்தது. மற்ற இடத்தில் கார்பைடோடு ஒட்டிப்போய், அதோடு சேர்ந்தே அறுந்திருந்தது. சின்ன வயதில் நெசவாளர் தெருவில், தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டவன் நான். கஞ்சி போட்ட நூல் பிசிறாது, சிக்காது. படித்தவருக்கு அது எங்கே தெரியும்?

மறுநாள் அவர் மதுரைக்குப் போயிருந்தார். கஞ்சியை நீர்க்கக் கரைத்து, நாரை முக்கி, பிரித்துக் காயவைத்து நறுக்கிச் சேர்த்தேன். அந்த வில்லையை மூன்று தடவை வாளியில் போட்டும் உடையவில்லை. சுத்தியலால் பிளந்து பார்த்தால், கம்பங்கதிர் அறுத்த காட்டில் நிற்கும் அடித்தாள் மாதிரி நார்முனைகள் நீட்டிக்கொண்டு நின்றன. கஞ்சி உலைக்குள் கரியாகி நாருக்குச் சட்டை போட்டதாம். அதனால் நார் ஒட்டாமல் வழுக்கி விரிசலை நிறுத்தியதாம். இந்த விளக்கம் பின்னால் வந்தது. செய்கை முன்னால் வந்தது, என் கையால்.

திரும்பி வந்த எஞ்சினியர் வில்லையைப் புரட்டிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி செஞ்சீக?"

"கைப்பக்குவம் சார்."

சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டால் அப்புறம் என்னை யார் தேடுவார்கள்? பக்குவம் என்னிடம் இருக்கிறவரை போஸ்ட்டும் எனக்குத்தான் என்று நினைத்தேன். ஒவ்வொரு வில்லைக்கும் என்னென்ன சேர்த்தது என்று எழுதும் பேட்ச் ஷீட்டை அவர் நீட்டினார். அதில் 'வேறு சேர்மானம்: இல்லை' என்று இருந்தது. வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

3. ஷீட்டில் இருப்பது

ஆர்டர் கொடுத்த இடத்திலிருந்து வில்லையைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்தார். என்னைத் தொடவிடாமல், ஷீட்டில் உள்ளபடி எஞ்சினியரையே செய்யச் சொன்னார். அந்த வில்லை உடைந்தது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "பக்குவம்னு சொன்னீங்களாமே. அதை எந்தத் தராசுல நிறுக்குறது பெரியவரே?"

"கஞ்சி போட்டேன் சார். பாவுக்குப் போடுற மாதிரி."

லேத்தில் நின்ற செல்லையா வாயைப் பொத்தவில்லை. "ஏலே, கார்பைடுக்கே கஞ்சி ஊத்துனியா? தொட்டுக்க ஊறுகா வச்சியா?"

அதிகாரி சிரிக்கவில்லை. ஷீட்டைத் திருப்பிக் காட்டினார். "சேர்மானம் இல்லைன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

அதன்பின் என்னை வைத்தே எஞ்சினியர் கஞ்சி போட்டார். அளவு, பதம், காயவைத்த நேரம் எல்லாம் எழுதிக்கொண்டார். வில்லைகள் உடையாமல் நின்றன, ஆர்டரும் கைவிட்டுப் போகவில்லை. ரிப்போர்ட்டில் என் கஞ்சிக்கு 'ஸ்டார்ச் கோட்டிங்' என்று பேர். கண்டுபிடித்தவர் மனோகர் சார்.

"சார், அது என் கஞ்சி."

"அன்னைக்கே கேட்டேன்ல அண்ணாச்சி? பக்குவம்னு சொன்னீக. நான் ரிப்போர்ட்டுல பக்குவம்னு எழுதவா?"

போஸ்ட்டுக்கு அவர் எழுதவே இல்லை. தொண்ணூறுகளில் ஷெட்டை மூடிய அன்றும் நான் ஹெல்பர்தான்.

அந்த ஆளைத் திருடன் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் உலை வேலைக்கு வருகிறவர்களே, உங்கள் கை செய்ததை அன்றைக்கே ஷீட்டில் எழுதுங்கள், எழுத்துப் பிழையோடு ஆனாலும். அந்த வில்லை சம்பந்தமான பேப்பர்களில் என் பெயர் இருப்பது ஒரே இடத்தில்தான்: 'இல்லை' என்பதற்குக் கீழே.