வயலுக்குக் கீழே கிடந்த கடல்

செத்துப்போன சிப்பியைப் பார்த்து மண்ணுக்கு வயது சொல்வதுதான் என் உத்தியோகம் என்று ஒரு கல்யாணத் தரகரிடம் சொல்லிப் பாருங்கள். அடுத்த வெற்றிலையை அவர் வேறு வீட்டில்தான் போடுவார்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சற்று முன்பு, கொழும்பில் விலங்கியல் படித்து முடித்த கையோடு, நிலத்தை ஆராய வந்த ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு உதவியாளராகச் சேர்ந்தேன். மண்ணும் பாறையும் அடுக்கடுக்காக, படை படையாகக் கிடக்கின்றன. ஓரிடத்துப் படையில் இருக்கும் சிப்பியே மைல்கணக்கில் தள்ளி இன்னொரு படையிலும் இருந்தால், இரண்டும் ஒரே காலத்தவை. கிழக்குக் கரையோரக் கதிரவெளியில் கல்லாய் இறுகிய படை ஒன்றில் தடித்த வரிச்சிப்பி ஒன்று கிடந்தது. இன்றைக்கு நம் ஊர்க் கடலேரியான வாவியில் அது எங்கும் உயிரோடு இல்லை. அதே சிப்பி வாவிக்கு மேற்கேயும் கிடைத்தால், கடல் ஒருகாலம் அதுவரை போயிருந்தது என்று சொல்லலாம். மாரி தொடங்குமுன் கிடைக்காவிட்டால் முகாமைக் கலைத்து என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகத் துரை சொன்னார். வீட்டில் ஒரு மாப்பிள்ளை ஆயத்தமாக இருந்தார்.

ஆட்களோடு பேசக் கூச்சப்பட்டுத்தான் கல்லோடு பேசும் வேலைக்கு வந்தேன். ஆட்களோடு பேசாமல் ஒரு வேலையும் நடக்காது என்று, ஊர் ஊராய்த் திரிந்து உத்தியோகம் பார்த்த எவருக்கும் நான் சொல்லவேண்டியதில்லை.

வண்டிக்காரரின் கேள்வி

கதிரவெளியிலிருந்து மாட்டுவண்டியில் திரும்பும்போது, வண்டிக்காரர் கந்தப்பர் என் பெட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசியில், உள்ளே இருக்கும் சிப்பிக்கு எத்தனை வயது என்று கேட்டே விட்டார். வருடக் கணக்கில் சொல்ல முடியாது, மேலே கிடப்பதைவிடக் கீழே கிடப்பது மூத்தது என்று மட்டும் சொல்லலாம் என்றேன். அவ்வளவு பேசியதற்கே எனக்கு நாக்கு வறண்டுவிட்டது.

அவர் மாட்டைத் தட்டிவிட்டுச் சிரித்தார். "இதைப் படிக்கவா பிள்ளை கொழும்புக்குப் போன நீங்க? என்ட பெண்சாதியும் இப்பிடித்தான். தன்ட தங்கச்சிக்கும் தான் இளையவ எண்டு மட்டும் சொல்லுவா, வயதைக் கேட்டா வாய் திறக்கமாட்டா."

அடையாளத் துணி

கதிரவெளியில் அந்தச் சிப்பிப் படையைத்தான் வெட்டிச் சுண்ணாம்புச் சூளையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் சாட்சிகள் எல்லாரும் வரிசையில் நின்று எரிந்துகொண்டிருந்தார்கள். சூளைக்காரர் ஓட்டமாவடி இஸ்மாயில் காக்கா நல்ல மனிதர். "இந்த இடத்தில் மட்டும் வெட்டாதீர்கள்" என்று அவரிடம் நேரே சொல்லியிருக்கலாம். அந்த வாய் எனக்கு ஏது? படை தெளிவாகத் தெரிந்த இடத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து போய்ப் பார்த்தால், துணி பத்திரமாக ஒரு கம்பில் ஆடிக்கொண்டிருந்தது. கம்புக்குக் கீழே பெரும் பள்ளம். அரசாங்கத்து ஆள் அடையாளம் வைத்தால் அது நல்ல சரக்காகத்தான் இருக்கும் என்று காக்கா நினைத்திருக்கிறார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்போடு ஓடிவந்தார். "நீங்க துணி கட்டின இடத்துச் சுண்ணாம்பு பால் மாதிரி வெள்ளை, புள்ள! நாளைக்கு எங்க கட்டப்போறீங்க?"

சாம்பல் போட்டுக் கழுவியது

தேற்றாத்தீவில் புதுக் கிணறு ஒன்று வெட்டினார்கள். மூன்று படைகளில் இருந்து சிப்பி எடுத்து, மூன்று பைகளில் சேறோடு கட்டி, நான் தங்கியிருந்த பூமணி அக்கா வீட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் பைகள் கொடியில் காய்கின்றன. சிப்பிகள் சாம்பல் போட்டுக் கழுவப்பட்டு, பெரியது, சிறியது, வெள்ளை, மஞ்சள் என்று ஒரே பன்பாயில் கோலம்போல் கிடக்கின்றன. எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று இனி ஆண்டவனுக்கும் தெரியாது. துரை பார்த்தார், இழவு வீட்டுக்கு வந்தவர்போல் தொப்பியைக் கழற்றினார்.

பூமணி அக்காவுக்கு என் முகம் போன போக்குப் பிடிக்கவில்லை. "இம்மட்டு வடிவான சிப்பியைச் சேறோட கட்டி வச்சிருக்கியே மகள், உன்னைக் கட்டிக்குடுக்கிற வீட்டில எங்களைத்தானே பேசுவாங்க?"

போடியாரின் வட்டை

மாரி நெருங்கிவிட்டது. மிச்சமிருந்தது வாவிக்கு மேற்கே வவுணதீவுப் பக்கம் மட்டும். தோணியில் வாவியைக் கடந்தோம். துரை தோணியடியிலேயே நின்றுவிட்டார். தமிழ் பேசவேண்டிய இடத்தில் அவர் எப்போதும் பின்னுக்குத்தான் நிற்பார். அங்கே பெரிய நிலக்காரரான ஒரு போடியாரின் வட்டை. கண்ணுக்கெட்டிய வயலெல்லாம் அவருடையது. வாய்க்கால் ஓரத்தில் சிப்பி தேடி ஒரு குழி வெட்டலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"இஞ்ச சிப்பியெண்டு ஒண்டும் இல்ல பிள்ளை" என்றார். அவர் நின்ற வரம்பு முழுதும் சிப்பித் துண்டுகள். அவர் காலை மாற்றி வைக்கும்போதெல்லாம் நொறுநொறு என்றது. இருவரும் அது கேட்காததுபோல் நின்றோம்.

பிறகு மெல்லச் சொன்னார். "கடல் வெள்ளைக்கார ராசாட சொத்தெண்டு கவர்மெந்துக் கச்சேரியில சொல்றாங்க. இது கடலாக் கிடந்ததெண்டு நீங்க எழுதினா, நாளைக்கு வட்டையையும் கேப்பாங்க. மறுகா நான் எங்க விதைக்கிற?"

எனக்குப் போவது வேலை; அவருக்குப் போவது சோறு. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, குச்சி எடுத்துச் சேற்றில் கீறினேன். அடியில் சிப்பி, அதற்கு மேல் களி, அதற்கு மேல் வயல் மண். சிப்பி கிடந்த காலத்தில் ராசாவும் இல்லை, கச்சேரியும் இல்லை. கடல் போய், களி படிந்து, அதற்கும் எவ்வளவோ பிறகு உங்கள் ஆட்கள் வந்து விதைத்தார்கள். ராசா அதற்கும் பிறகு என்றேன்.

"இதை இப்பிடியே எழுதுவீங்களா?"

"ஓம், எழுதுவன்."

மண்வெட்டி வந்தது. குழி இடுப்பளவு ஆழம் போனபோது, களி அப்பிய தடித்த வரிச்சிப்பி ஒன்று மண்வெட்டியில் தட்டுப்பட்டது. துடைத்துப் பார்த்தேன். கதிரவெளியில் கிடந்த அதே சிப்பி! என்னை அறியாமல் ஒரு கூச்சல் போட்டுவிட்டேன்.

போடியார் சிப்பியைப் பார்க்கவில்லை. குந்தியிருந்து நான் கீறிய படத்தையே பார்த்தார். பிறகு வயல் மண்ணுக்கு மேலே விரலால் இன்னொரு கோடு இழுத்தார். "ராசா கடைசியா வந்தவர் எண்டா அவரையும் இஞ்ச உச்சியில கீறுங்க பிள்ளை, மாரியில முதல்ல கழுவுப்பட்டுப் போறது மேல கிடக்கிறதுதானே."

அந்த ஒரு சிப்பியால் என் உத்தியோகம் இன்னுமொரு வருடம் நீண்டது, மாப்பிள்ளை வீட்டார் வேறிடம் பார்த்துக்கொண்டார்கள், போடியாருக்குச் சொன்னபடியே எல்லாவற்றையும் துரையின் அறிக்கைக்கு எழுதிக் கொடுத்தேன், படத்தின் உச்சியில் ராசாவைக் கீற மட்டும் எனக்குக் கை வரவில்லை.