நல்ல முட்டை நாறிய நாட்கள்

பெருங்காயம் போலி என்று மளிகைக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவன் நான். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, டப்பாவைத் திறந்து அவர் மூக்கருகே நீட்டி, "மைதா மாவ அடைச்சு விக்கறீங்களா?" என்று கேட்டேன். ஊரடங்கு நேரம். கடைக்கு முன்னால் சுண்ணாம்பில் வட்டம் போட்டு, வட்டத்துக்குள் ஆளை நிறுத்தி வியாபாரம் நடந்த நாட்கள். நான் வட்டத்தைத் தாண்டிப் போய் அவர் முகத்துக்கு நேராகக் கத்தினேன்.

அவர் பின்னால் நகர்ந்துகொண்டே சொன்னார். "கடையே நாறுதுங்க மாஸ்டர். உங்களுக்கு மட்டும் எப்படி மணக்கல?"

எனக்கு உறைக்கவில்லை. வேறு கடையில் வேறு பெருங்காயம் வாங்கினேன். அதுவும் போலியாக இருந்தது. நாடு கெட்டுப்போய்விட்டது என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தேன். எனக்குப் பின்னால் பால் பொங்கி, வழிந்து, தீய்ந்துகொண்டிருந்தது. கொல்லையிலிருந்து என் மனைவி பூங்கொடி ஓடிவந்தாள்.

"ஏனுங்க, ஊடே பொகையாக் கெடக்குது. மூக்க எங்கயாச்சும் அடமானம் வெச்சுட்டு வந்துட்டீங்களா?"

அப்போதுதான் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

நான் கல்யாணச் சமையல்காரன். எங்கள் ஊர் வெண்ணந்தூர்ப் பக்கம். கோயில் மண்டபத்தில் சமைக்கும்போது சாமிக்கு இலை போடும்வரை யாரும் உப்புப் பார்க்கக்கூடாது. நாக்கில் வைத்தால் எச்சில். கொதி வரும்போது மூடியைத் திறந்து, ஆவியை முகர்ந்தே உப்பு, புளி, காரம் மூன்றையும் சொல்லவேண்டும். நான் சொல்வேன். அல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் கல்யாணம் ஏது? எனக்கு வேலை இல்லை. தறிகள் நின்றுவிட்டதால் தறிக்காரர்களுக்கும் வேலை இல்லை. தோட்டத்துக்காரர்களின் பாடு இன்னும் மோசம். தக்காளியைப் பறிக்கும் கூலிக்கு விலை கட்டாமல் செடியோடு உழுதுவிட்டார்கள். ஜவ்வரிசி ஆலை ஓடாததால் மரவள்ளிக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடந்தது.

விசைத்தறி வைத்திருக்கும் மயில்சாமிதான் வழி சொன்னான். லாரிக்காரர்களும் தறி முதலாளிகளும் கையிலிருப்பதைப் போட்டு, விளைந்ததைத் தோட்டத்துக்காரர்களிடம் கட்டுபடியாகும் விலைக்கு வாங்குவது. மாரியம்மன் கோயில் மண்டபத்தில் அதைச் சமைத்துத் தறிக் குடும்பங்களுக்கு மத்தியானச் சாப்பாடு போடுவது. சமையலுக்கு நான்.

முட்டை தங்கமணியிடமிருந்து வந்தது. அவளும் அவள் கணவரும் ஒரே ஒரு கோழிக் கொட்டகை வைத்திருந்தார்கள். கோழியாலும் முட்டையாலும் நோய் பரவுகிறது என்று கைபேசிகளில் எவனோ கிளப்பிவிட, வியாபாரிகள் முட்டை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கோழி அதற்காக முட்டை போடாமல் இருக்குமா, தீனி தின்னாமல் இருக்குமா? எங்கள் மண்டபமும், எங்களைப் பார்த்து ஆரம்பித்த பக்கத்து ஊர் மண்டபமும் வாங்கிய முட்டையில்தான் அவள் தீனி மூட்டை எடுத்தாள். அதுவும் நின்றால் குழி வெட்டி, உயிருள்ள கோழிகளை அதில் தள்ளவேண்டியதுதான். எங்கள் பக்கம் சிலர் தள்ளியும் விட்டார்கள்.

தானம் என்ற பெயரில் மண்டபத்துக்கு வந்த சாமான்களைப் பற்றியும் சொல்லவேண்டும். வண்டு மேய்ந்த அரிசி, காறல் எடுத்த எண்ணெய், பூசணம் பிடித்த பருப்பு. வேனில் கொண்டுவந்து இறக்கி, வரிசையில் நின்ற பெண்களின் கையில் ஒரு பையைக் கொடுத்துப் படமெடுத்துக்கொண்டு போவார்கள். இவர்களுக்கு எதைப் போட்டாலும் போகும் என்ற அந்த நினைப்பு இருக்கிறதே, அது நாறும் நாற்றத்துக்கு மூக்குகூட வேண்டியதில்லை. அதனால்தான் நான் முகர்ந்து பார்க்காமல் எதுவும் வரிசைக்குப் போகக்கூடாது என்று சட்டம் போட்டேன். அந்தச் சட்டம் என்னையே திருப்பி அடிக்கும் என்று அப்போது தெரியாது.

பால் தீய்ந்ததற்கு மறுநாள் நானும் பூங்கொடியும் சேலத்து ஆஸ்பத்திரி நடையில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தோம். மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்ததில் எனக்குக் கொரோனா தொற்று உறுதியானது. நெஞ்சில் பாதிப்பு இல்லை. வந்தது அனாஸ்மியா (வாசனை அறியும் உணர்வு அடியோடு போய்விடுவது).

"வாசனை திரும்ப வருமுங்களா டாக்டர்?"

"பெரும்பாலும் வந்துடும்" என்றார். எப்படி வரும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதைப் படிப்பவர்கள் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நானும் பூங்கொடியும் வீட்டோடு அடைந்து கிடந்தோம். மண்டபத்து அடுப்பை மயில்சாமி பார்த்துக்கொண்டான். மளிகைக்கடைக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னைக் கண்டால் கவசத்தை இமைவரை ஏற்றிக்கொள்வார்.

வாசனை இல்லாத சாப்பாடு நனைந்த அட்டையைத் தின்பதுபோல. சோறு சூடாக இருந்தது, ரசம் தண்ணீராக இருந்தது, அவ்வளவுதான். பசி எடுக்கும், தின்றதும் போகும். நடுவில் ஒன்றுமில்லை.

பிறகு ஒரு காலையில் பூங்கொடி காபி கொண்டுவந்தபோது மூக்கில் ஏதோ ஏறியது. நாற்றம். சாக்கடையில் டயரைப் போட்டுக் கொளுத்திய நாற்றம். நான் துள்ளிக் குதித்தேன். மூக்கு வந்துவிட்டது! பால் கெட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா? அன்றைக்கே பால்காரரை மாற்றினேன். வெங்காயம் வதங்கும்போது எலி செத்த வாடை வந்தது. வெங்காயத்தைக் கொட்டச் சொன்னேன். பூங்கொடி அதை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னையும் ஒருமுறை பார்த்தாள்.

வீட்டில் அடைந்திருந்த காலம் முடிந்து மண்டபத்துக்குப் போன முதல் நாள் முட்டைக்குழம்பு. எங்கள் மாரியம்மனுக்குக் கிடாய் வெட்டே உண்டு என்பதால் முட்டைக்குத் தடையில்லை. நான் போகும்போது குழம்பு இறக்கத் தயாராக இருந்தது. வெளியே சாப்பாடு வாங்கிப்போகத் தூக்குப்போசிகளோடு வரிசை வேப்பமரம் தாண்டி நின்றது. ராஜநடையாகப் போய் மூடியைத் திறந்தேன்.

அந்த வாடையை எப்படிச் சொல்வது? பிணம் அழுகிய கிணற்றுக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது.

"கொட்டுங்க. முட்டை அழுகிப்போச்சு."

மயில்சாமி பதறினான். "தண்ணியில போட்டுப் பாத்துத்தான வேக வெச்சோம் மாஸ்டர். ஒண்ணுகூட மெதக்கலீங்க. எங்களுக்கு நல்லாத்தான மணக்குது."

"தறி ஓட்டறவனுக்கு வாசனையப் பத்தி என்ன தெரியும்? ஜனத்தச் சாவடிக்கப் போறியா? கொட்டுன்னா கொட்டு."

எல்லோருக்கும் நன்றாகத்தான் மணந்திருக்கிறது. ஆனால் மாஸ்டர் மூக்கு சொல்லிவிட்டது. சாமிக்கு இலை போடாததால் யாரும் நாக்கில் வைத்தும் பார்க்க முடியாது. அண்டாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டுபோய்த் தென்னந்தோப்புக் குழியில் கவிழ்த்தார்கள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தோப்பு நாய்கள் ஓடிவந்து நக்கின. நக்கிவிட்டு மேலும் கேட்பதுபோல் என்னைப் பார்த்தன.

என்னோடு வந்திருந்த பூங்கொடி குழியருகே போனாள். அண்டாவின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"உப்பு மட்டும் ஒரு கல்லு கம்மி" என்றாள். "மத்தபடி இத்தன நல்ல கொழம்ப நீங்க வெச்சதே இல்லீங்க."

அன்று மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து உப்பும் மிளகாயும் அரைத்துக் கொடுத்தோம். கிழங்கு வேகும்வரை குழந்தைகள் அழுதன. பெரியவர்கள் தூக்குப்போசியை மடியில் வைத்தபடி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அதைவிடக் கேடு, என் சொல் ஊர் சுற்றியதுதான். மாஸ்டரே அண்டாவோடு கொட்டினாராம், தங்கமணி முட்டை அத்தனையும் அழுகலாம். பூங்கொடியின் ஒரு விரலால் அதைத் தடுக்க முடியவில்லை. பக்கத்து ஊர் மண்டபத்தில் முட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் வரிசையில் "கொழம்ப மட்டும் ஊத்துங்க, முட்டை வேண்டாங்க" என்றார்கள். தங்கமணியின் கணவர் கொட்டகைக்குப் பின்னால் குழிக்கு இடம் பார்த்துக்கொண்டிருப்பதாக மயில்சாமி வந்து சொன்னான்.

பூங்கொடி என்னை மூக்கு டாக்டரிடம் இழுத்துப்போனாள். அவர் ஒரு பெண். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, இது பரோஸ்மியா (இருக்கும் வாசனை திரிந்து வேறாகத் தெரிவது) என்றார். மூக்கின் உச்சியில் இருக்கும் நரம்புகள் கெட்டுப்போய் மறுபடி வளரும்போது தப்பும் தவறுமாகச் சேதி சொல்லுமாம். காபி, வெங்காயம், பூண்டு, முட்டை, கறி இவைதான் பலருக்கு முதலில் நாறுமாம்.

"முட்டை கெட்டுப்போகலீங்களா?"

"முட்டைக்கு ஒண்ணும் இல்லைங்க. உங்களுக்குத்தான்."

கிராம்பு, எலுமிச்சை இப்படி நாலைந்து வாசனைகளைக் காலையும் மாலையும் முகர்ந்து பழகச் சொன்னார். மெதுவாகத்தான் சரியாகும், முழுதாக ஆகாமலும் போகலாம் என்றார்.

திரும்பிவரும் வழியிலேயே தங்கமணியின் கொட்டகைக்குப் போனேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் தீனித்தொட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"நரம்பு, மூக்குன்னு வரிசையில நிக்கறவிய கிட்டச் சொன்னா நம்புவாங்களாண்ணா?"

"மாட்டாங்க."

"அப்பக் கண்ணுக்கு முன்னால தின்னு காட்டுங்க."

அடுத்த நாள் மண்டபத்து வாசலில் தங்கமணி ஒரு போசியில் அவித்த முட்டைகளோடு நின்றாள். ஒன்றை உரித்து என்னிடம் நீட்டினாள். அது வெள்ளையாக, பளபளவென்று, அழகாகத்தான் இருந்தது. கண்ணை மட்டும் கேட்டால் போதும் என்றால் அதைவிட நல்ல முட்டை கிடையாது. மூக்கோ பிணம் பிணம் என்று அலறியது. ஓங்கரித்தால் தீர்ந்தது. ஒரு துளி வெளியே வந்தாலும் அவளுடைய கோழிகள் குழிக்குள்தான்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கடித்தேன். வழவழவென்று ஏதோ நாக்கின் மேல் ஊர்ந்தது. சிரித்தேன். என் வாழ்க்கையிலேயே மிக அசிங்கமான சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

வரிசையில் ஒரு தறிக்காரர் சத்தமாகச் சொன்னார். "வெள்ளய மட்டும் கடிச்சா எப்படீங்க மாஸ்டர்? மஞ்சக்கருவயும் உள்ள தள்ளுங்க, பாப்போம்."

மஞ்சள் கருதான் மோசம். அது மேல்வாயில் மாவாக ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. விழுங்கும்வரை மூச்சுவிட முடியாது. விட்டால் வாடை. கண்ணில் நீர் கட்டியது. தொண்டை ஒருமுறை மேலே தள்ளியது, நான் கீழே தள்ளினேன். ஜெயித்தேன். உடனே தங்கமணி இன்னொன்றை உரித்து நீட்டினாள். ஈவிரக்கமில்லாதவள். அதையும் தின்றேன்.

முதலில் ஒரு பெண் தூக்குப்போசியை நீட்டினாள். "எனக்கு ரெண்டு போடுங்க." பின்னால் எல்லோரும் வாங்கினார்கள். நான் நிதானமாக நடந்து, மண்டபத்தின் பின்பக்கம் போய், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அந்தப்பக்கம் மண்டியிட்டேன். மற்றதை எழுதவேண்டாம்.

பக்கத்து ஊர் மண்டபமும் முட்டை எடுக்க ஆரம்பித்தது. குழி வெட்டப்படவில்லை.

வாசனை போனால் நேரமும் போய்விடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. தறி நூலுக்குக் கஞ்சி தோய்த்துப் பாவு போடும் தெருவில் கஞ்சி மணந்தால் விடிந்துவிட்டது, பக்கத்து வீட்டுத் தாளிப்பு வந்தால் பத்து மணி, மண் மணந்தால் மழை. இதெல்லாம் என் கடிகாரம் என்பதே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. மாதக்கணக்கில் நாள் முழுக்க ஒரே மத்தியானமாக இருந்தது. என் உடம்பு எனக்கே நாறியது. தலையணையைத் தூக்கிக்கொண்டு என்னிடமிருந்தே தள்ளிப் படுக்க இடம் தேடினேன்.

இப்போது கல்யாணங்கள் திரும்பிவிட்டன. எனக்கும் பாதி மூக்கு திரும்பியிருக்கிறது. காபி சில நாள் காபியாக இருக்கிறது, சில நாள் டயராக இருக்கிறது. முட்டையிடம் இன்னும் நெருங்க முடியவில்லை. ஆவியை முகர்ந்து உப்புச் சொல்வது பூங்கொடி. கரண்டி பிடிப்பது நான். முன்பு உடம்பு என்னுடையது என்று நினைத்திருந்தேன். இப்போது அது சொல்லும் சேதியைப் பக்கத்திலிருப்பவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்கிறேன். உங்களுக்கும் இப்படி ஆகியிருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள். எதையும் கொட்டுவதற்கு முன்னால் கட்டாயம் கேளுங்கள்.

முட்டை தின்ற கதையைப் பந்தி முடிந்த மண்டபங்களில் சொல்லிச் சொல்லி நன்றாக மெருகேற்றி வைத்திருந்தேன். ஒரு ஊரின் பயத்தை ஒற்றை ஆளாக நின்று விழுங்கியவன் என்பதுபோல. போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தங்கமணி வெற்றிலை மடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முடியும்வரை கேட்டாள். பிறகு சொன்னாள்.

"உங்க மூஞ்சியப் பாத்துட்டு அன்னிக்கு ஆரும் திங்கலீங்கண்ணா. பசிச்சுது, தின்னாங்க."