என் தலை மறைத்த மாதா கோயில்

வியட்நாமில் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்ததில், நாங்கள் குடியேறிய வெள்ளைக்காரர் ஊரில், ஈஸ்ட் ஹாமிலிருந்து குட்மேய்ஸ் வரைக்கும் நான்தான் வியட்நாம் நிபுணன். குறைகுடம் கூத்தாடும் என்பார்கள். என் கூத்துக்கு மேளம் மட்டும்தான் குறை.

எங்கள் கத்தோலிக்கப் பங்கிலிருந்து பதினான்கு பேர் போனோம், எல்லோரும் யாழ்ப்பாணம், மன்னார் ஆட்கள். என் மனைவி ஒரு சூட்கேஸ் நிறையப் பிட்டுக்கு வறுத்த மா, இடிச்ச சம்பல், ரைஸ் குக்கர் என்று அடைத்தாள். கிணற்றுத் தவளையையாவது மன்னிக்கலாம். நாங்கள் கிணற்றையே சூட்கேஸில் வைத்துக் கொண்டுபோன தவளைகள். அவர்களுடைய நூடில்ஸ் சூப்பில் ஒரு வாய் குடித்துவிட்டு, உறைப்பில்லை என்று தீர்ப்புச் சொன்னோம். இடிந்து கிடந்த பழைய சிவன் கோயில்களைக் கண்டதும், வழிகாட்டிப் பெண் வாய் திறக்கமுன், கட்டியது சோழர் என்றேன். அவள் வேறு ராஜாக்களின் பெயரைச் சொன்னாள். பாவம், படிப்பு போதாது என்று நினைத்துக்கொண்டேன். போர்க்காலச் சுரங்கத்தில், பதுங்கும் பங்கருக்குப் பனங்குற்றிதான் உறுதி என்று அவளுக்கே பாடம் எடுத்தேன்.

திரும்பி வந்ததும், ஞாயிறு பூசைக்குப் பிறகு மண்டபத்தில் படம் காட்டிப் பேச ஏலுமா என்று ஃபாதர் கேட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வெள்ளைக்காரர், கறுப்பர், எங்கள் ஆட்கள் என்று எல்லோரும் ரோல்ஸும் தேத்தண்ணியுமாக இருக்க, நான் வியட்நாமின் வரலாறு, பண்பாடு, இயற்கை எல்லாவற்றையும் ஒரு மணித்தியாலத்தில் முடித்தேன்.

முன்வரிசையில் சைனா அம்மா இருந்தார். அறுபது தாண்டிய மெலிந்த மனுஷி. பன்னிரண்டு வருடமாகப் பூசையில் எங்களுக்கு முன்னால் உள்ள வாங்குப் பலகையில் இருப்பவர். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது கை கொடுப்போம். சைனா அம்மா என்பது நாங்கள் எங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர்.

அவர் கையை உயர்த்தி, வூங்தாவ் போனீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். போகாமலா என்றேன். அது கடற்கரைப் பட்டினம், சைகோனிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் என்று விளக்கமும் கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் பிறந்த ஊர் அது என்றார். பத்தொன்பது வயதில் அங்கிருந்துதான் அகதியாக வள்ளம் ஏறினாராம். பிறகு போகவே இல்லை. கடலைப் பார்த்தபடி ஒரு மஞ்சள் மாதா கோயில், அதன் வளவில்தான் தாயை அடக்கம் செய்தது. அந்தக் கோயில் இன்னும் நிற்கிறதா, படம் ஏதும் உண்டா என்று கேட்டார். ஓர் இந்தியர் தன் ஊருக்குப் போய் வந்தது பெரிய சந்தோஷம் என்றும் சொன்னார்.

எனக்கு விசர்க் கோபம் வந்தது. இந்தியரா? பன்னிரண்டு வருடம் பின் வாங்கில் இருக்கிறோம், நாங்கள் எந்த நாடு என்றுகூட இந்த மனுஷிக்குத் தெரியாதா? திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். மனைவி காதுக்குள் சொன்னாள்.

“இஞ்சருங்கோ, மனிசி சைனா இல்லையாம்.”

திறந்த வாயை மூடினேன்.

அந்தக் கோயில் நினைவிருந்தது. அதன் நிழலில் பஸ்ஸை நிறுத்தி, நாற்பது நிமிடம் பிட்டும் சம்பலும் சாப்பிட்டோம். உள்ளே போகவில்லை. கோயில் எங்களிடம் இல்லையா என்ன!

போனில் அறுநூறு படம். அவர் பக்கத்தில் நிற்க, ஒவ்வொன்றாகத் தள்ளினேன். பிட்டு, மனைவியின் தொப்பி, நான், பிட்டோடு நான். கடைசியில் ஒன்று அகப்பட்டது. படம் முழுக்க என் தலை. இடது காதுக்கு மேலே மஞ்சள் சுவரில் ஒரு துண்டும் சிலுவையும். வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டேன்.

அவர் போனைத் தன் கையில் வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். என் மூக்கு போனது, கண் போனது, காதும் போனது. சுவர் மட்டும் திரையில் நின்றது. தேத்தண்ணி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைத் தனக்கு அனுப்ப முடியுமா, என்னை வெட்டிவிட்டால் கோவிப்பேனா என்று மரியாதையாகக் கேட்டார். வெட்டச் சொன்னேன். அனுப்புவதற்கு அவருடைய நம்பரைப் பதிந்தேன். பெயர் போடவேண்டிய இடத்தில் விரல் நின்றுவிட்டது. பன்னிரண்டு வருடம் கை கொடுத்த மனுஷியிடம் அப்போதுதான் பெயரைக் கேட்டேன்.