லூர்து மேரியின் மடியில் கிடந்தது

நம்பாதவர்கள் பாப்பாரப்பட்டிப் பக்கம் போய் நாடக வாத்தியார் அல்போன்சையே கேட்டுக்கொள்ளலாம். அந்த மனிதருக்குக் கோபம் வரும், பொய் வராது.

1972, தவக்காலம். பங்குக் கோயிலில் போடும், ஏசுவின் மரணத்தைச் சொல்லும் பாஸ்கா நாடகத்தில் மாதா வேஷத்தை அதுவரை ஆண்கள்தான் கட்டினார்கள். இந்தத் தடவை ஒரு பெண் நடிக்கட்டும் என்று கமிட்டியோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கியவர் அல்போன்ஸ். சொதப்பினால் இனி எந்தப் பெண்ணுக்கும் மேடை கிடையாது. அவருக்கும்தான். அப்படி அழைத்துவந்த லூர்து மேரியோ, களை பறித்துப் பழகிய கையை மேடையில் எங்கே வைப்பது என்றே தெரியாமல் விழித்தார்.

இறந்த மகனை மடியில் போட்டுக்கொண்டு மாதா தனியாகப் பேசும் இடம் அது. ஒன்பது நாளாகக் கல்லில் நார் உரித்தார் அல்போன்ஸ்.

"ரேஷன் கடையில பேரு வாசிக்கிற மாதிரி இருக்குதுங்க அக்கா. அழ வேணாம். நடந்ததைச் சொல்லுங்க. சொல்லும்போது கை ஒரு வேலை செய்யட்டும். தலையைத் துவட்டுங்க."

"செரிங்க" என்பார். கை விறைத்தே கிடக்கும். அல்போன்சுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பெரிய வாரம், புதன்கிழமை. மத்தியானம் 3.10. பள்ளிக்கூடத்தின் கூடத்தில் இரண்டே பேர். மகனுக்குப் பதிலாக மடியில் போட ஒன்றும் இல்லை. எரிச்சலோடு போய், கோயிலுக்குப் பின்னால் இருந்த இருட்டுக் கொட்டகையில் கைக்குக் கிடைத்த கறுப்புத் துணியைச் சுருட்டி எடுத்துவந்தார் அல்போன்ஸ்.

லூர்து மேரி தொடங்கினார். முதல் தடவையாகக் குரல் சரியாக விழுந்தது. கையும் வேலை செய்தது. ஆனால்... பிடி தப்பு. முழங்கை இறுக்கி மடங்கியிருந்தது.

"முப்பத்து மூணு வயசு ஆம்பளைங்க அக்கா. சின்னக் கொழந்தை மாதிரி பிடிச்சா எப்படி?"

"எடை அவ்ளோதானுங்க வாத்தியாரே."

"கையை நீட்டுங்க."

"எங்க நீட்டறதுங்க? காலு இங்கயே முடிஞ்சுருது."

அல்போன்சுக்குச் சுர்ரென்று ஏறியது. "எந்திரிங்க. நான் காட்டறேன்."

உட்கார்ந்தார். துணியை மடியில் வாங்கினார்.

கனத்தது.

3.25. வெளியே இலைகூட அசையவில்லை. சொட்... சொட்... வேட்டி நனைந்தது. இடது உள்ளங்கையில் ஒரு சின்னக் கழுத்து. ஈர முடி.

அது... திரும்பியது.

அவர் மார்பில் கன்னம் வைத்தது.

எழ முடியவில்லை.

"குடுங்க" என்றார் லூர்து மேரி. வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வசனத்தைத் தொடர்ந்தார். முடியும் வரை அல்போன்ஸ் எதையும் திருத்தவில்லை.

பெரிய வெள்ளியன்று மேடையில் ஆறடி ஆள் மடியில் கிடந்தான். லூர்து மேரி பேசப் பேச ஊரே அழுதது. கமிட்டிக்காரர்கள் வந்து அல்போன்சின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை, துணியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் சவரியின் முகம் மாறியது.

"இதையா எடுத்தீங்க? சாவுக்குப் பொணம் தூக்கற தூம்பாப் பொட்டி மேல போத்தற துணிங்க இது."

"கடைசியா... யாருக்கு?"

"போன மாசம், ஒகேனக்கல் ஆத்துல ஒதுங்குன பையனுக்கு. ஆறு வயசு இருக்கும். கழுத்துல ஜெபமாலை இருந்துச்சுன்னு நம்ம கல்லறைக்கு அனுப்புனாங்க."

"பெத்தவங்க?"

"யாரும் தேடி வரலிங்க. மடியில போட்டு அழ ஒரு ஆளில்லாமதான் பொதைச்சோம்."