எல்க்கின் கொம்பும் சித்தப்பாவின் தோளும்

லண்டனின் தென்கோடியில் சட்டன் என்னும் புறநகரில், சித்தியின் வீட்டுத் தையல் இயந்திரத்தின் அருகே ஒரு கறுப்புத் துணிப்பொதி இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து, பிறைபோல வளைந்திருக்கும். இப்போது அதில் ஊசிகளும் குண்டூசிகளும் குத்தி நிற்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் ஊசி செருகுவதற்கென்றே தைத்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கோ அதைக் காணும்போதெல்லாம் மத்திய லண்டனில் ஒரு ஹோட்டலின் படிக்கட்டுச் சுவரில் தொங்கும் எல்க் மானின் தலை நினைவுக்கு வருகிறது. நினைவோடு கோபமும் வருகிறது. மேடையில் நின்று பேசப் பழகியவள் நான். எந்தக் கோபத்தை அடக்குவது, எதை அணையாமல் காப்பது என்று எனக்குத் தெரியும். இது காக்க வேண்டிய கோபம்.

சித்தப்பா அந்த ஹோட்டலில் டோர்மேனாக, வாசலில் நின்று விருந்தினர்களுக்குக் கதவு திறப்பவராக, இருந்தார். முழங்காலுக்குக் கீழே இறங்கும் கறுப்புக் கோட்டு, இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான்கள், உயர்ந்த தொப்பி, வெள்ளைக் கையுறை. வாசலின் வலப்புறம் அவர் நிற்பார்; இடப்புறம் கானா நாட்டவர் ஒருவர் நிற்பார். இருவரும் ஒரே உயரம், ஒரே உடற்கட்டு. அந்தப் பொருத்தத்துக்காகவே அவர்களைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். வாசலில் இறங்கும் விருந்தினர்கள் இருவருக்கும் நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து உணவகச் சமையலறைகளில் வேலை செய்த சித்தப்பாவுக்கு அந்த இடம் எவ்வளவு பெரியது என்பதை வீட்டில் எல்லோரும் அறிவோம். "இவ்வளவு காலமும் பின்வாசலால போய் வந்தனான். இப்ப முன்வாசல் நான் திறந்தாத்தான் திறக்கும்" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேசையிலேயே எழுந்து நின்று தலைசாய்த்துக் காட்டுவார்.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வெடித்த ஷெல் குண்டின் துண்டு ஒன்று அவருடைய இடது தோளைக் கிழித்திருந்தது. எலும்பு கூடிவிட்டது, தோள் மட்டும் இரண்டு விரல் தாழ்ந்தே நின்றுவிட்டது. பெட்டி தூக்கவோ கதவு திறக்கவோ அது ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. ஆனாலும் சீருடை கைக்கு வந்த அன்றே சித்தி கோட்டின் உட்தையலைப் பிரித்து, பழைய கம்பளித் துணியை மடித்துத் தைத்த அந்தப் பொதியை இடது தோளுக்குள் வைத்தார். "இஞ்சருங்கோ, கண்ணாடியைப் பாருங்கோ. ரண்டு பக்கமும் சரி" என்றார். சித்தப்பா திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஓமப்பா, இப்ப என்னை நானே மதிக்கலாம் போல கிடக்கு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் யாருக்கும் அப்போது குறை தெரியவில்லை.

எனக்குப் பதினேழு வயதானபோது பாடசாலைகளுக்கிடையிலான விவாதப் போட்டியின் இறுதிச் சுற்று அந்த ஹோட்டலின் மண்டபத்திலேயே நடந்தது. பெருமைக்காக விலங்கைக் கொல்லலாமா என்பது பொருள். கூடாது என்பது எங்கள் அணியின் பக்கம். என்னைக் கண்டதும் சித்தப்பா கதவை அகலத் திறந்து, பக்கத்தில் நின்றவரிடம் ஆங்கிலத்தில், "வழி விடுங்கள், நாடாளுமன்றம் வருகிறது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, உள்ளுக்கை ஒரு பெரிய கொம்பன் தொங்குறான். அவனைப் பார்த்துப் பயந்து பேச்சை மறந்துபோடாதை" என்றார்.

அந்த எல்க்கை வேட்டையாடி அதன் தலையை ஹோட்டலுக்கு அளித்த முதியவரே அன்றைய சிறப்பு விருந்தினர். தேநீர் வேளையில் நான் அதன் கீழே நின்று பித்தளைத் தகட்டை வாசித்துக்கொண்டிருந்தேன். அவருடைய பெயரும் ஓர் எண்ணும் அதில் இருந்தன. அந்த எண் வயதா, எடையா என்று கேட்டேன். அவர் மகிழ்ந்துபோனார். வயதும் எடையும் கணக்கில் இல்லை என்றார். எல்க் எத்தனை பனிக்காலம் தாண்டியது, இலையுதிர் காலத்தில் அதன் அழைப்பு எத்தனை மலைக்குக் கேட்டது, எத்தனை இறைச்சி தந்தது, இவை ஒன்றும் கணக்கில் வாரா. அளப்பது கொம்பை மட்டும். கொன்றபின் பல வாரங்கள் உலரவிட்டு, மெல்லிய உலோக நாடாவால் தண்டின் நீளம், ஒவ்வொரு கிளையின் நீளம், தண்டின் சுற்றளவு, இரு தண்டுகளுக்கும் இடையிலான அகலம் என்று தனித்தனியே அளந்து கூட்டுவார்கள். பக்கத்துக்கு ஆறு கிளை இருந்தால் அழகு. அதன்பின் வலத்தையும் இடத்தையும் ஒப்பிடுவார்கள். ஒரு பக்கம் குறைந்தால், குறைந்த அளவை மொத்தத்திலிருந்து கழித்துவிடுவார்கள். சண்டையில் ஒரு கிளை முறிந்திருந்தால் அதற்கும் இழப்புத்தான். காலில் அடிபட்ட எல்க்குக்கு அடுத்த முறை முளைக்கும் கொம்பு கோணிப்போவதுண்டாம்; அப்படி ஒன்றைத் தாம் குறிபார்த்துவிட்டு, துப்பாக்கியைத் தாழ்த்திப் போகவிட்டதாகவும் சொன்னார். இரக்கத்தாலா என்று கேட்டேன். "இல்லை, அது சுவருக்கு உதவாது" என்றார். எவ்வளவு இயல்பாகச் சொன்னார்!

அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டே நான் மேடை ஏறினேன். வாழ்ந்த வாழ்வின் அடையாளங்களையெல்லாம் குறையென்று கழித்துவிட்டு, எஞ்சிய எலும்புக்குப் பெருமை என்று பெயரிடுவது என்ன அறிவு என்று கேட்டேன். உயிரோடு இருந்தபோது அந்த விலங்கு தன் கொம்புகளை ஆண்டுதோறும் தானே உதிர்த்துவிட்டுப் போனது. அது தேவையில்லை என்று விட்டதை அதன் தலையோடு வெட்டி எடுத்தவருக்குத் தகட்டில் பெயர் வேண்டியிருக்கிறதே என்றேன். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. வெற்றிக் கோப்பையை என் கையில் தந்தவரும் அதே முதியவர்தான். வாசலில் சித்தப்பாவிடம் கோணற் கொம்பனின் கதையைச் சொன்னேன். "அப்ப கெட்டிக்காரன் அவன்தான்! சுவருக்கு உதவாததாலை உயிரோடை போயிட்டான்" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தக் கோடையில் லண்டன் கொதித்தது. டோர்மேன்கள் கோட்டைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டையோடு நிற்கலாம் என்று நிர்வாகம் இரக்கம் காட்டியது. அந்த இரக்கம்தான் எங்களுக்கு வினையாயிற்று. பொதி கோட்டுக்குள் இருந்தது. தோள் சட்டைக்குள் இருந்தது. சில நாட்களில் முகாமையாளர் சித்தப்பாவை உள்ளே அழைத்து மிகுந்த மரியாதையோடு பேசினார். வேலையில் குறை இல்லை, சம்பளத்திலும் மாற்றம் இராது. ஆனால் படங்களில் வாசல் சரிந்து தெரிகிறது, இருவரும் இணையாக இல்லை, ஆகவே நிலத்துக்கு அடியில், பேஸ்மென்டில், விருந்தினர்களின் பெட்டிகள் வைக்கும் அறைக்கு மாறிவிடலாம் என்றார். கோட்டு அணிந்தால் சரியாகிவிடும் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். குறை தெரிந்துவிட்டதே, இனி எப்படி என்பதுதான் பதில்.

நான் பொறுக்கவில்லை. சித்தப்பா வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல் அந்த முகாமையாளரைச் சந்தித்துப் பேசினேன். அழவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. கதவு திறக்கும் கையில் எந்தக் குறை கண்டீர்கள் என்று கேட்டேன். போர் ஒன்றில் பிழைத்து வந்ததன் அடையாளத்தை எந்த அளவுகோலால் குறையென்று கழித்தீர்கள் என்று கேட்டேன். உங்கள் படிக்கட்டில் தொங்கும் மானுக்குரிய விதியை உங்கள் வாசலில் நிற்கும் மனிதருக்கும் வைத்திருக்கிறீர்களே என்றேன். அவர் தலையைச் சற்றுச் சாய்த்து முழுவதையும் கேட்டார். முடிவில் புன்னகைத்து, "மிக அருமையாகப் பேசுகிறீர்கள். இந்த வயதில் என்ன தெளிவு, என்ன உச்சரிப்பு!" என்றார். நான் சொன்னது ஒன்றும் அவருக்குள் போகவில்லை. என் பேச்சின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து நல்ல எண் ஒன்று கொடுத்துவிட்டு, கதவுவரை வந்து வழியனுப்பினார். பெற்ற பாராட்டுகளிலெல்லாம் இன்றுவரை என்னைச் சுடுவது அது ஒன்றே.

சித்தப்பா பெட்டி அறையில் ஒரு வாரம் வேலை பார்த்தார். வார இறுதியில் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியபடி, "அந்தக் கோணற் கொம்பனையாவது காட்டுக்குள்ளை விட்டாங்கள். என்னை நிலத்துக்குக் கீழை விட்டிட்டாங்கள்" என்றார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. மறுநாளே வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டார். சீருடையைத் திருப்பிக் கொடுக்குமுன் சித்தி கோட்டை மடியில் விரித்து இடது தோளின் தையலை ஒவ்வொரு நூலாகப் பிரித்தார். "அவங்கட கோட்டு அவங்களுக்குப் போகட்டும். இது எங்கட" என்று பொதியை எடுத்து இயந்திரத்தின் அருகே வைத்தார். அன்று வைத்த இடத்திலேயே அது இன்றும் இருக்கிறது.

சென்ற மாதம் அந்த ஹோட்டலைக் கடந்து போனேன். வாசலில் ஒரே அச்சில் வார்த்த இரண்டு இளைஞர்கள் நின்றார்கள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் எல்க் தொங்கியது. தகடு துடைத்த பளபளப்போடு இருந்தது. நூறு பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள், நூறு பேரும் வியக்கிறார்கள். எதை வியக்கிறோம் என்று ஒருவராவது நின்று கேட்க வேண்டாமா? இரு பக்கமும் ஒத்திருப்பதுதான் மேன்மை என்று இவர்களுக்கு யார் சொன்னது?

கேள்வி நெஞ்சிலிருக்க அன்று மாலையே சட்டனுக்குப் போனேன். சித்தப்பா இப்போது அங்கே ஒரு பாடசாலைக்கு முன்னால், வீதி நடுவில் நின்று பிள்ளைகளைக் கடக்கவைக்கும் வேலை பார்க்கிறார். மஞ்சள் நிற நீண்ட கோட்டு, கையில் வாகனங்களை நிறுத்தக் காட்டும் வட்டப் பலகை பொருத்திய கம்பு. வேலை முடிந்து வந்தவர், பொத்தான் கழன்ற கோட்டைச் சித்தியிடம் நீட்டினார். சித்தி கறுப்புப் பொதியிலிருந்து ஓர் ஊசியை உருவி நூல் கோத்தார். பிறகு பொதியைக் கையிலெடுத்து, மஞ்சள் கோட்டின் இடது தோளில் வைத்துப் பார்த்து, "இஞ்சருங்கோ, இதுக்குள்ளையும் வைச்சுத் தைக்கட்டோ?" என்றார்.

சித்தப்பா தேநீர்க் கோப்பையிலிருந்து தலை நிமிரவில்லை.

"எதுக்கப்பா? நான் ரோட்டிலை இறங்கினா பஸ்ஸே நிக்குது."